செய்கூலியை எழுதி வையுங்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். வயது 34. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். மூன்று ஆண்டுகளாக டெரகோட்டா நகைகள், மணிமாலைகள், பட்டுநூல் வளையல்கள் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். சென்ற மாதம் அழகாபுரத்தில் உள்ள என் நாத்தனார், தெருப் பெண்கள் பதினான்கு பேரைத் தன் வீட்டுக்கு அழைத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை என் நகைகளைப் பரப்பி வைத்து விற்க இடம் கொடுத்தார். 18 உருப்படிகள் 6,400 ரூபாய்க்குப் போயின. அதில் 1,850 ரூபாய் கடன், இன்னும் வரவில்லை. பலகாரத்துக்கும் காபிக்கும் 640, ஆட்டோவுக்கு 260 என் கையிலிருந்து போனது. நாத்தனார் 450 ரூபாய் செட் ஒன்றை, "இது எனக்கு இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டார். அதையும் சேர்த்து 19 உருப்படிகளுக்குப் பொருள் செலவு 2,300 ரூபாய், செய்ய ஆன நேரம் சுமார் 27 மணி. பச்சை மணி மாலையும் கம்மலும் சேர்ந்த செட்டை (பொருள் செலவு 92 ரூபாய்) 250 ரூபாய் என்றேன். "கடைவீதியில் இதே மாதிரி நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்று இரண்டு பேர் சொன்னதும் கூச்சப்பட்டு, வேறு சில நகைகளுக்கும் விலையைக் குறைத்துவிட்டேன். ஜெர்மன் சில்வர் பதக்கத்தைப் பார்த்து "வெள்ளியா?" என்று ஒருவர் கேட்டார், சிரித்துச் சமாளித்தேன். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் வேலை செய்யும் தோழி, அங்கே தங்க வருகிறவர்களுக்கு விற்கலாம் வா என்கிறாள். குன்றிமணி கோத்த விதை நகைகள் செய்து கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். இன்னும் விலையைக் குறைக்க வேண்டுமா? நாத்தனாரிடம் அந்த 450 ரூபாயைக் கேட்கலாமா? இதைத் தொடர்வதில் பலன் உண்டா?

— வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொடருங்கள். விலையைக் குறைக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்த சோர்வைப் படித்த பிறகு, சுற்றி வளைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை வீட்டில் பிறந்தவள். சிறுதொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கும் விற்பனையும் சொல்லித் தருவது இருபது ஆண்டுகளாக என் வேலை. கொலுசு வாங்க ஆள் வந்தால் அப்பா அதைத் தராசில் வைப்பார், முள் நிற்கும்வரை பேச மாட்டார். பிறகு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மூன்று வரி எழுதுவார்: வெள்ளி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு. வந்தவர் வெள்ளி விலையை விசாரிப்பார். சேதாரத்தில் கொஞ்சம் தள்ளச் சொல்வார். செய்கூலியிலும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார். ஆனால் செய்கூலியே எதற்கு என்று கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கம்பி இழுத்து, கண்ணி போட்டு, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகேற்றியவருக்குக் கூலி உண்டு என்பது சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை.

உங்கள் கடிதத்தில் பொருள் செலவு இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, காபி இருக்கிறது. 27 மணி நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 27 மணிக்கு எதிரே ரூபாய் எதுவும் இல்லை. இதே ஊரில் வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண்கள், முடித்த உருப்படிகளை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கூலியை எண்ணி வாங்குகிறார்கள். அடுத்தவருக்குச் செய்யும்போது எண்ணி வாங்குகிற நாம், சொந்தமாகச் செய்யும்போது மட்டும் கூலியை விட்டுவிடுகிறோம். உங்கள் சிக்கலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். கைக்கு வந்த பணம் 4,550 ரூபாய். அதில் பொருள் 2,300, பலகாரம் 640, ஆட்டோ 260 போனால் மிச்சம் 1,350. நகை செய்த 27 மணி நேரத்தோடு, அன்று கட்டியெடுத்துப் போய் விற்றுத் திரும்பியதற்கு ஆறு மணி நேரம் சேருங்கள். 33 மணி. ஒரு மணிக்கு 41 ரூபாய் கிடைத்திருக்கிறது. கடன் முழுவதும் வந்துவிட்டால் இதே கணக்கு மணிக்கு 97 ரூபாய் ஆகும். ஆகவே உங்கள் நகை விற்காத நகை இல்லை. கடனாகப் போனதும், கூச்சத்தில் குறைத்ததும்தான் உங்கள் கூலியைத் தின்றிருக்கின்றன.

இனி அந்தப் பச்சை மணி செட். பொருள் 92 ரூபாய். உடைகிற மணி, வளைந்துபோகிற கம்பி என்று சேதாரத்துக்கு 8 ரூபாய் வைத்து நூறாக்குங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள வேலைப்பாட்டைப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் பிடித்திருக்கும். மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தால் செய்கூலி 120. அன்றைய பலகாரமும் ஆட்டோவும் 900 ரூபாய், விற்ற 18 உருப்படிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 50. இதுவரை 270. விற்காமல் தங்கும் நகைகளுக்கும், அடுத்த முறை புது மணி வாங்குவதற்கும் 50 ரூபாய் லாபம் சேர்த்தால் 320.

வீட்டில் இடம் கொடுப்பவருக்கு நூற்றுக்குப் பதினைந்து என்று பங்கு வைக்கச் சொல்வேன். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். 320-க்குப் பதினைந்து சதவீதம் கூட்டி 368 என்று விலை போடுகிறார்கள். 368-இல் பதினைந்து சதவீதம் 55 ரூபாய்க்கு மேல் போய்விடும். கையில் நிற்பது 313-க்கும் குறைவு. 320-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். 376 ரூபாய் சொச்சம் வரும். 380 என்று எழுதுங்கள். நீங்கள் 250 என்று விலை சொன்ன செட் இது.

380 என்றால் யார் வாங்குவார்கள் என்று நீங்கள் திகைப்பது தெரிகிறது. அதே தெருவில், அதே பெண்களிடம், அதே செட்டுக்கு அடுத்த மாதம் 380 சொன்னால் முகம் சுளிப்பார்கள்தான். புது வடிவங்களுக்குப் புது விலை வையுங்கள். பழைய வடிவங்களை இருக்கிற வரைக்கும் பழைய விலைக்கே விற்று முடித்துவிடுங்கள். அதோடு, கால் மணி நேரத்தில் முடிகிற சிறிய உருப்படிகள் தட்டில் இருக்க வேண்டும்: ஒற்றைக் கல் கம்மல், குழந்தைகளுக்கான மணிக் காப்பு, 60 முதல் 150 ரூபாய்க்குள். பெரிய நகை வேண்டாம் என்பவரும் எதையாவது எடுத்துப் பார்த்து, மனசு வந்தால் வாங்கிப் போக அது வழி செய்யும்.

"கடைவீதியில் நூறு ரூபாய்" என்றவர்கள் பொய் சொல்லவில்லை. அச்சில் வார்த்து மூட்டை மூட்டையாக வரும் நகை அந்த விலைக்குக் கிடைக்கும். அதோடு போட்டி போட நீங்கள் பிறக்கவில்லை. அவர்களிடம் கோபப்படவும் வேண்டாம், விளக்கம் சொல்லி மூச்சு வாங்கவும் வேண்டாம். செய்து காட்டுங்கள்.

வீட்டு விருந்தில் விற்பது என்பது வெளிநாட்டில் பெரிய வியாபாரமாக வளர்ந்த கதை உங்களுக்கு உதவும். அமெரிக்காவில் டப்பர்வேர் டப்பாக்கள் கடைகளில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மூடி எப்படிக் காற்றுப் புகாமல் மூடுகிறது என்பது அலமாரியில் இருக்கும் டப்பாவைப் பார்த்தால் தெரியாது. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி, அக்கம்பக்கத்துப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி, திரவம் நிரப்பி மூடிய கிண்ணத்தை எல்லோர் முன்னாலும் தூக்கி எறிந்து காட்டுவார். ஒரு சொட்டுச் சிந்தாது. 1951-இல் அந்த நிறுவனம் தன் டப்பாக்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டு விருந்துகளை மட்டுமே நம்பி விற்கத் தொடங்கியது. கூடத்தில் உட்கார்ந்து கண்ணால் கண்டதற்கு அவ்வளவு வலு இருந்தது.

நீங்கள் எதையும் எறிய வேண்டாம். ஒரு மனைப்பலகை, ஒரு கிண்ணத்தில் மணி, இரண்டு மூக்குக் குறடு போதும். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் ஒரு கம்மலை அவர்கள் எதிரிலேயே செய்யுங்கள். சின்ன வளையத்தைத் திறக்கும்போது, இரண்டு குறட்டாலும் பிடித்து ஒரு முனையை முன்னாலும் மறு முனையைப் பின்னாலும் திருப்புவதைக் காட்டுங்கள். பக்கவாட்டில் இழுத்துத் திறந்தால் வட்டம் கோணிக்கொள்ளும். மூடினாலும் இடைவெளி விழும், பத்து நாளில் பதக்கம் எங்கேயோ கழன்று விழுந்துவிடும். திருப்பித் திறந்து திருப்பியே மூடினால் முனையோடு முனை சேரும்போது 'டிக்' என்று மெல்லிய ஓசை கேட்கும். அந்த வளையத்தைப் பக்கத்தில் இருப்பவர் விரலில் வைத்து, இணைப்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் கைவேலைக்கு விலை இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் குறைந்துபோவார்கள். நகையோடு இருக்கும் சீட்டில் விலைக்கு மேலே "கைவேலை: ஒன்றரை மணி நேரம்" என்று எழுதுங்கள். முழுக் கணக்கு உங்கள் நோட்டில் இருந்தால் போதும். நேரம் மட்டும் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஞாயிறு மாலையை விட்டுவிடுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம், இரவுச் சமையல் என்று பெண்கள் மனம் வீட்டு வாசலிலேயே நிற்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் டெரகோட்டாவின் செங்கல் நிறம் மங்கித் தெரியும், பட்டுநூலின் நிறமும் மாறித் தெரியும். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, ஜன்னல் ஓரம், விரிப்புக்கு ஒரு நிறம் மட்டுமே உள்ள அடர்த்தியான துணி, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு கைக்கண்ணாடி. பத்துப் பேருக்கு மேல் கூப்பிட வேண்டாம். பதினான்கு பேர் வந்தால் பின்னால் நிற்கும் நான்கு பேர் நகையைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் விற்பதில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். கடைக்குள் நுழைந்தவர் பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்துவிடலாம். உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்திருப்பது நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சங்கடத்தில் ஒருத்தி வாங்குகிற நகை பீரோவில் கிடக்கும். அவள் மறுபடி உங்கள் அழைப்புக்கு வர மாட்டாள். "அப்புறம் தருகிறேன்" என்ற கடனில் பாதி இப்படி வந்ததுதான் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராதவர்கள் கடன் சொல்கிறார்கள். ஆகவே ஆரம்பத்திலேயே நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "பார்க்க மட்டும் வந்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம். போட்டுப் பாருங்கள், கண்ணாடியில் பாருங்கள், யாரும் வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை." இதைச் சொல்லும்போது மனசாரச் சொல்ல வேண்டும். யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று வீட்டுக்காரரும் பிறகு பேசக் கூடாது. அவரிடம் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடனே வேண்டாம். கியூஆர் அட்டையை ஒரு சிறிய பலகையில் ஒட்டித் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை கையில் இருக்கட்டும். பணம் இன்று இல்லை என்பவருக்கு நகையைக் கொடுத்தனுப்பாதீர்கள். பெயர் எழுதிய உறையில் போட்டு ஒரு வாரம் எடுத்து வையுங்கள். முகம் கோணாமல் மறுப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சேலைக்கு ஏற்ற நிறத்தில் செய்து தரச் சொல்பவரிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். சேலையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முந்தானையையும் உடலையும் தனித்தனியாக. வளைகாப்புக்கும் நவராத்திரித் தாம்பூலத்துக்கும் மொத்தமாகப் பட்டுநூல் வளையல் கேட்பவர்கள் இந்தக் கூட்டங்களிலிருந்துதான் வருவார்கள். ஒரு வீட்டில் பத்துப் பேருக்கு விற்பதைவிட, அங்கே கிடைக்கும் அப்படிப்பட்ட ஓர் ஆர்டர் பெரியது. ஆர்டர் நோட்டைத் தனியாக வையுங்கள்.

பழைய 1,850 ரூபாய்க்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நகையின் படத்தோடு, தொகையையும் தேதியையும் எழுதி ஒரு தகவல் அனுப்புங்கள். நாத்தனார் வழியாகக் கேட்க வேண்டாம். அவர் தெருவில் அவருக்கு அது தலைகுனிவு.

வெள்ளியா என்று கேட்டதற்குச் சிரித்துச் சமாளித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் மட்டும் எனக்கு உங்கள்மேல் வருத்தம். ஜெர்மன் சில்வரில் வெள்ளி என்பது ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. பெயரில் மட்டும்தான் வெள்ளி. வேறு ஊரில் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளியையே தொழிலாக வைத்திருக்கும் ஊரில், கேட்டவர் வீட்டிலேயே டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அன்று கேட்டவர் யார் என்று தெரிந்தால் இப்போதாவது சொல்லிவிடுங்கள், அவர் வாங்கியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரவும் தயாராக இருங்கள்.

நிக்கலில் இன்னொரு தொல்லையும் உண்டு. பலருக்கு அது தோலில் பட்டால் அரிக்கும், காது மடல் சிவந்து நீர் கசியும். பதக்கம் சட்டைக்கு மேலே கிடப்பதால் அவ்வளவாகத் தெரியாது. காதுத் துளைக்குள் போகும் கம்பிதான் ஆபத்து. கம்மல் கொக்கிகளை மட்டுமாவது மாற்றுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பட்டறைகளில் 92.5 வெள்ளிக் கம்பியில் கொக்கி செய்து தரக் கேளுங்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. டச் எழுதிய ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் ஏறும், அதைச் சீட்டிலும் எழுதுங்கள்: "கொக்கி வெள்ளி, பதக்கம் ஜெர்மன் சில்வர்." வெள்ளி எது, எது இல்லை என்று நீங்களே எழுதிக் காட்டும்போது வாங்குகிறவருக்கு வரும் நம்பிக்கையை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டுக்குப் போகலாம். ஆனால் குன்றிமணி வேண்டவே வேண்டாம். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைத்து வைத்து, அது வெறும் அழகான விதை என்று நமக்குப் பழகிவிட்டது. அதன் பருப்பில் ஆப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கெட்டியான ஓடு முழுசாக இருக்கும்வரை நஞ்சு உள்ளேயே அடங்கியிருக்கும். கோப்பதற்காக ஊசியால் துளையிட்டால் அந்தக் காவல் போய்விடுகிறது. துளையிடும் உங்கள் விரலில் ஊசி குத்தினாலும், பொடி மூக்கில் ஏறினாலும், வாங்கிப் போன வீட்டில் குழந்தை அதைக் கடித்துவிட்டாலும் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே துளையிட்டு வைத்திருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி உடனே அப்புறப்படுத்துங்கள். விதை நகைதான் வேண்டும் என்றால் மஞ்சாடி இருக்கிறது. கறுப்புப் புள்ளி இல்லாமல் முழுச் சிவப்பாக, குன்றிமணியைவிடப் பெரிதாக, தட்டையாக இருக்கும். அதையும் சின்னக் குழந்தைகளுக்கான நகையில் சேர்க்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

மலைக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். டெரகோட்டாவை ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துப் போனால் மேலே போய்ச் சேரும்போது பாதி ஜிமிக்கிகளின் விளிம்பு உடைந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்திப் பையில் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பனிமூட்டமும் ஈரமும் அதிகம். பட்டுநூல் வளையலில் பசை நன்றாகக் காய்ந்திருக்காவிட்டால் நூல் முனை பிரிந்துவிடும். விதைகளில் பூஞ்சை பிடிக்கும். கீழே நல்ல வெயிலில் காயவைத்த பிறகு எடுத்துப் போங்கள். மே மாதம் கோடை விழா நேரத்தில் கூட்டம் வரும், அதற்கு முன்பு ஒரு சாதாரண வார இறுதியில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஊர் திரும்புகிறவர்கள் பையில் இடம் பிடிக்காத சிறிய நகையைத்தான் வாங்குவார்கள். ஒற்றை ஜிமிக்கி உடைந்தால் இன்னொன்று செய்து அனுப்புவதாகச் சீட்டில் எழுதி உங்கள் தொலைபேசி எண்ணைப் போடுங்கள். பங்களா உரிமையாளரிடம் நீங்களே நேரில் பேசி அனுமதி வாங்குங்கள். தோழியின் வேலைக்கு உங்களால் ஒரு கேள்வி வரக் கூடாது.

பதிவு, வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுதொழில்களுக்கான உதயம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது. உங்களுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. வீட்டில் விற்கத் தொடங்கிய பெண்களைத் தேடி, "பணம் கட்டிச் சேருங்கள், இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள், அவர்கள் சேர்ப்பதிலும் உங்களுக்குப் பங்கு" என்று சிலர் வருவார்கள். ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் சுழற்றும் அந்தப் பிரமிடு முறையை 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் நாத்தனார். அந்த 450 ரூபாயைக் கேட்கலாமா என்றீர்கள். வீட்டைப் பெருக்கி, பதினான்கு பேரை நேரில் அழைத்து, தன் பேச்சை நம்பி வரவழைத்தவர் அவர். வசூலான 4,550 ரூபாய்க்குப் பதினைந்து சதவீதம் என்றால் அவருக்குச் சேர வேண்டியது 682 ரூபாய் 50 காசு. அவர் எடுத்துக்கொண்டது 450. இத்தனை நாளாக நீங்கள் மனத்தாங்கலோடு நினைத்த செட், அவருடைய பங்கைவிடக் குறைவு. பங்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசியிருந்தால் அவரும் தானாக எடுத்திருக்க மாட்டார், உங்களுக்கும் மனக்கசப்பு வந்திருக்காது. பங்கை எப்போதும் வசூலான தொகைக்குத்தான் கணக்கிட வேண்டும். அப்போதுதான் கடன் கொடுக்காமல் இருப்பதில் இடம் கொடுப்பவருக்கும் அக்கறை இருக்கும்.

இந்த வாரமே அழகாபுரத்துக்குப் போய்விட்டு வாருங்கள். நோட்டை எடுத்துப் போங்கள். அந்த செட்டை அவர் பங்கில் கழித்துவிட்டதாக எழுதிக் காட்டி, மீதி 233 ரூபாயைக் கையில் கொடுங்கள். "அன்றைக்கே கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை" என்று சொல்லுங்கள். பிறகு சனிக்கிழமை எது வசதிப்படும் என்று அவரையே கேளுங்கள்.